முட்காட்டுக் கனிகளும் இதய மருந்தும்

(திருமயத்தில் பொதுமக்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஹாத்தார்ன் இலையிலும் பழத்திலும் உள்ள மருத்துவச் சத்துகள்’. திருமயத்தில் இருந்துகொண்டு ஏனய்யா இந்தத் தலைப்பு என்று கேட்டேன். செல்போனைத் திறந்தால் ‘இதயத்துக்கு நல்லது, பிரஷருக்கு நல்லது, ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று ஹாத்தார்ன் மாத்திரையின் விளம்பரம் வருகிறது. ஊரில் இரண்டொருவர் வாங்கிச் சாப்பிடவும் தொடங்கிவிட்டார்கள். அதனால் விவரம் சொல்லுங்கள் என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் ஹாத்தார்னை நேரில் பார்க்க வேண்டுமென்றால் காஷ்மீருக்கோ இமாச்சலத்துக்கோதான் போக வேண்டும். இந்தச் செம்மண்ணிலும் இந்த வெயிலிலும் அது நிற்காது. ஆகவே அந்த வெளியூர்ச் செடியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு, திருமயம் கோட்டைக்கு அந்தப் பக்கம் நம் கண்ணெதிரே நிற்கிற முட்செடிகளுக்கு வந்துவிடுகிறேன்.

ஹாத்தார்ன் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் அதன் இனப்பெயர் கிரட்டீகஸ். ஆளுயரப் புதராகவும் நிற்கும், விட்டால் சிறு மரமாகவும் வளரும். வெள்ளைப் பூ, உறுதியான முள், நம் இலந்தைப்பழ அளவில் சிவந்த பழம். இங்கிலாந்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைத் தனியார் வளைத்துக்கொண்டபோது, வளைத்த நிலத்துக்கு வேலியாக நட்டது பெரும்பாலும் இதைத்தான். மேய்ச்சல் நிலத்தை இழந்த ஏழைகளுக்கு அந்தச் செடியின் மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். சீனாவில் இதன் பழத்தைக் குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் தோய்த்துத் தெருவில் விற்கிறார்கள். மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் காய்ச்சும் பானத்தில் போடுகிறார்கள். ஆக, முதலில் வேலி, அடுத்தது தின்பண்டம். இதய மருந்து என்று பெரிய பெயர் வந்ததெல்லாம் பிற்பாடுதான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? ஐரோப்பாவில் நெஞ்சுப் படபடப்புக்கும் மூச்சு வாங்குவதற்கும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் மூலிகைகளை மதிப்பிட அரசு அமைத்த ‘கமிஷன் ஈ’ என்ற நிபுணர் குழு 1994-இல் இதை ஆராய்ந்தது. இலையும் பூவும் சேர்த்து எடுத்த சாற்றைத் தொடக்கநிலை இதயப் பலவீனத்துக்குக் கொடுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. பழத்தை மட்டும் தனியாகக் கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டது. விளம்பரத்தில் பளபளவென்று படம் போடுவது பழத்தை. அந்தக் குழு ஏற்றுக்கொண்டதோ இலையையும் பூவையும்.

இலைக்கு ஏன் அந்த மதிப்பு? ஹாத்தார்னில் உள்ள முக்கியமான வேதிப்பொருள்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று பிளேவனாய்டுகள்: விடெக்சின், ஹைப்பரோசைட், ரூட்டின் என்று பெயர்கள். இவை இலையிலும் பூவிலும்தான் அதிகம். இன்னொன்று புரோசயனிடின்கள். எபிகேட்டச்சின் என்ற சிறு மூலக்கூறுகள் இரண்டு, மூன்று, நான்கு என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டவை. நாக்கில் துவர்ப்பாகப் படுவது இந்தச் சங்கிலிகள்தான். இவை இலை, பழம் இரண்டிலும் உண்டு. இவை போக உர்சாலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற பொருளும் இருக்கிறது. இந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், இதிலே பரீட்சை கிடையாது. ஆனால் இந்த உர்சாலிக் அமிலம், இந்தத் துவர்ப்பு, பழத் தோலில் உள்ள இந்தச் சிவப்பு எல்லாம் நம் பக்கத்துக் காட்டிலும் இருக்கின்றன. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1687-இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் மேலே ஏறிப் பீரங்கியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பாறையைச் சுற்றியும், இங்கிருந்து புதுக்கோட்டை போகிற வழி நெடுகிலும், நார்த்தாமலைப் பக்கத்திலும் மிச்சமிருக்கிற முட்காட்டை யாரும் படம் எடுப்பதில்லை. களா, சூரை, காரை, இலந்தை, காசான், வீரை, உசிலை, விராலி. இங்கே இருக்கிற ஐம்பது வயதுக்காரர்கள் அத்தனை பேரும் சின்ன வயதில் இந்தப் புதருக்குள் கையைவிட்டுக் கீறிக்கொண்டவர்கள்தான். இந்தக் காடு கோயில் நிலத்தில் நின்றால் அதற்குக் கோயில்காடு என்று பெயர். வறண்ட பூமியில், ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கிற அபூர்வமான காட்டு வகை அது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்துக் கோயில்காடுகளில் ஒவ்வொரு மரமாக எண்ணி அளந்து, உலக ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அய்யனாருக்குப் பயந்து ஊர்க்காரர்கள் வெட்டாமல் விட்டதால்தான் அவர்களுக்கு அளக்க மரம் கிடைத்தது.

இந்த முட்செடிக் கூட்டத்தில் ஹாத்தார்னுக்கு நேர் நிற்கத்தக்க செடி எது என்று கேட்டால் நான் களாவைச் சொல்வேன். குடும்பம் வேறு, களா அரளிக் குடும்பம். ஆனால் குணம் அப்படியே. அதுவும் வேலிச் செடி, இதுவும் வேலிச் செடி. இரண்டிலும் வெள்ளைப் பூ, கடுமையான முள், புளிப்பும் துவர்ப்புமான சின்னப் பழம். களாக்காயைக் கிள்ளினால் பிசுபிசுவென்று பால் வடியும். காய் பச்சையாக இருந்து, ஒரு பக்கம் வெயில் பட்ட இடத்தில் சிவந்து, பிறகு முழுக்கக் கருநீலமாகும். அந்தக் கருநீலம் ஆந்தோசயனின் என்ற நிறமி. பழத்தில் உர்சாலிக் அமிலமும் உண்டு. வீட்டில் ஊறுகாய் போடுகிற தாய்மார்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, ஆனால் எந்தப் பருவத்துக் காயில் பால் குறைந்து புளிப்பு நின்றிருக்கும் என்று தெரியும். அதுவும் வேதியியல்தான்.

களாவுக்கும் இதயத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அது பழத்தில் இல்லை, வேரில். 1960-களில் இந்திய ஆய்வாளர்கள் களா வேரை ஆராய்ந்து, இதயத் துடிப்பின் விசையைக் கூட்டுகிற கிளைகோசைடுகள் அதில் இருப்பதைக் கண்டார்கள். அரளிக் குடும்பத்தின் புத்தி அது. அரளி விதை என்ன செய்யும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே பழம் நல்லது என்பதால் வேரையும் இடித்துக் கஷாயம் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே செடியில் பழம் உணவு, வேர் நஞ்சாகக்கூடிய மருந்து.

சரி, இந்த ஆன்டி ஆக்சிடன்ட் என்றால் என்ன? இரும்பு துருப்பிடிப்பதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் ஆக்சிஜன் செய்கிற வேலை. நம் உடம்பிலும் மூச்சுவிடும் ஒவ்வொரு கணமும் ஆக்சிஜனிலிருந்து சில முரட்டு மூலக்கூறுகள் பிறக்கின்றன. கொழுப்பு, புரதம், மரபணு எதில் மோதினாலும் அதைக் கொஞ்சம் சேதப்படுத்தும். அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்கிற பொருள் ஆன்டி ஆக்சிடன்ட். அழற்சி என்பது வேறு. காயம் பட்டால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறதே, அது உடம்பின் காவல் நடவடிக்கை. காயம் ஆறினதும் அது அடங்க வேண்டும். அடங்காமல் இரத்தக் குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் லேசாகக் கனன்றுகொண்டே இருந்தால், அங்கே கொழுப்புப் படிந்து மாரடைப்பில் கொண்டுபோய் விடும். இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும். அதனால்தான் எந்த மூலிகை டப்பாவை எடுத்தாலும் இரண்டு சொல்லும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன.

செடி இவற்றை நமக்காகச் செய்து வைக்கவில்லை. அதற்கு ஓடி நிழலில் ஒதுங்கக் கால் கிடையாது. சித்திரை வெயிலில் பாறை இடுக்கில் நின்ற இடத்திலேயே நின்று சமாளிக்க வேண்டும். நாவல் தளிர் செம்பு நிறத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சையம் முற்றாத இளந்தளிரை வெயிலிலிருந்து காக்கச் செடி போர்த்துகிற நிறம் அது. துவர்ப்பு எதற்கு? ஆடும் புழுவும் ஒரு கடியோடு விட்டுவிட்டுப் போவதற்கு. வெயிலும் வறட்சியும் பூச்சியும் கூடினால் செடியில் இந்தப் பொருள்களும் பொதுவாகக் கூடும். அப்படிப் பார்த்தால் நம் முட்காடு இந்த விஷயத்தில் ஏழை இல்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காயைப் பழைய இரும்பு அரிவாள்மனையில் நறுக்குங்கள். இரும்பு பட்ட இடமெல்லாம் சற்று நேரத்தில் கருநீலமாகிவிடும். நெல்லியின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய மை அது. எவர்சில்வர் கத்தியில் அவ்வளவு கறுக்காது. அடுத்தது, நாவல்பழச் சாறு பட்ட சட்டையைத் துவைக்கச் சோப்புப் போட்டதும் ஊதாக்கறை நீலத்துக்குப் போகும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்புக்குத் திரும்பும். ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். பள்ளிக்கூட ஆய்வகத்து லிட்மஸ் தாளுக்கு நாவல்பழம் நல்ல மாற்று. ஒரே நிபந்தனை, அம்மா திட்டாத சட்டையாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இதுவரை சொன்னது நல்ல சேதி. இனிமேல் சொல்வதுதான் விளம்பரத்தில் வராத பகுதி.

1956-இல் அமெரிக்காவில் டென்ஹாம் ஹார்மன் என்பவர், மூப்புக்கே காரணம் இந்த முரட்டு மூலக்கூறுகள்தான் என்று ஒரு கோட்பாட்டை வைத்தார். அப்படியானால் ஆன்டி ஆக்சிடன்டை மாத்திரையாக விழுங்கினால் நோயும் வராது, மூப்பும் தள்ளிப்போகும் என்று உலகமே நம்பியது. நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்து, கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற பீட்டா கரோட்டினைச் சிலருக்கும், வைட்டமின் ஈ-யைச் சிலருக்கும், சிலருக்கு வெறும் மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்துகொண்டிருந்த இதே மாதிரியான சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் கூடியிருந்தது. காய்கறி நிறையத் தின்கிறவனுக்கு நோய் குறைவு என்பது உண்மை. காயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து மாத்திரையாக்கினால் அதே பலன் வரும் என்று கணக்குப் போட்டதுதான் பொய்த்தது.

எந்தப் பழத்தில் ஆன்டி ஆக்சிடன்ட் அதிகம் என்று மதிப்பெண் போடும் பட்டியல் ஒன்று அமெரிக்க வேளாண் துறையின் இணையதளத்தில் இருந்தது. சோதனைக்குழாயில் அளந்த அந்த எண்ணை டப்பாவில் போட்டு விற்பனை ஜோராக நடந்தது. 2012-இல் அந்தத் துறையே பட்டியலை எடுத்துவிட்டது. சோதனைக்குழாயில் வரும் எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். பட்டியல் போய் இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் ‘ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது’ என்ற சொல்லுக்கு மட்டும் விலை குறையவில்லை.

ஏன் தொடர்பு இல்லை? நீங்கள் தின்ற களாவின் துவர்ப்புச் சங்கிலிகளில் பெரியவை குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போவதே இல்லை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்துச் சிறு அமிலங்களாக்கி அனுப்புகின்றன. உள்ளே போன கொஞ்சத்தையும் கல்லீரல் வேறு வடிவத்துக்கு மாற்றிச் சில மணி நேரத்தில் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. ஆய்வகத் தட்டில் செல்களின் மேல் ஊற்றும் அளவோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது கிணற்றில் போட்ட கைப்பிடி உப்பு. இவ்வளவு குறைந்த அளவில் அது முரட்டு மூலக்கூறுகளை நேருக்கு நேர் அடக்குகிறது என்று சொல்வது பொருந்தாது. இன்றைய ஆய்வாளர்கள் பலரும் வேறு மாதிரி நினைக்கிறார்கள். செல்லுக்கு இந்தப் பொருள்கள் அந்நியம். அந்நியனைக் கண்டதும் செல் தன்னுடைய சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. அதோடு, இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சற்று அதிகம் சுரக்க, குழாய் தளர்ந்து விரிகிறது. ஹாத்தார்ன் சாறு ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்கிறது. இரத்தக் குழாயில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இது லேசான விஷயம் அல்ல.

ஆனாலும் ஆய்வகத்தில் எலியின் குழாய் விரிவது ஒன்று, மூச்சு வாங்கும் மனிதர் பிழைத்திருப்பது இன்னொன்று. ஹாத்தார்னை வைத்து நடந்த சோதனைகளைப் பாருங்கள். 2008-இல் வந்த காக்ரேன் தொகுப்பு, சிறிய சோதனைகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் மூச்சுத்திணறலும் களைப்பும் கொஞ்சம் குறைகின்றன என்றது. அதே 2008-இல் பெரிய சோதனை ஒன்றின் முடிவும் வெளிவந்தது. இதயம் நன்றாகவே பலவீனப்பட்ட 2,681 பேரில் ஒரு பாதிக்கு இலையும் பூவும் சேர்ந்த சாறு நாளுக்கு 900 மில்லிகிராம், மறு பாதிக்குப் போலி மாத்திரை, 24 மாதம். இதயச் சாவு, மாரடைப்பு, இதயம் மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்வது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கெடுதலும் செய்யவில்லை. அதாவது, செல்போன் விளம்பரம் சொல்லும் அளவுக்கு அது இதயத்தைக் காப்பாற்றவில்லை. நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் இதுதான்: லேசான தொந்தரவுக்குச் சிறு துணை, அதற்கு மேல் இல்லை. திருமயத்திலிருந்து பணம் அனுப்பி வரவழைத்துச் சாப்பிட வேண்டிய பொருள் அல்ல.

‘அது வெள்ளைக்காரன் மூலிகை, நம் மூலிகை அப்படியில்லை’ என்று யாரோ பின்னாலிருந்து சொல்வது காதில் விழுகிறது. நம் மூலிகைக்கும் வருகிறேன். ஹாத்தார்னுக்கு நம் நாட்டில் நேர் சோடி மருது. ஆற்றங்கரையிலும் கண்மாய்க் கரையிலும் வெளிறிய வழவழப்பான பட்டையோடு நிற்கும் மரம். மருதம்பட்டையை இதயத்துக்குக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். இதிலும் அதே புரோசயனிடின் துவர்ப்பு இருக்கிறது, அதோடு அர்ஜுனாலிக் அமிலமும். 1995-இல் இந்தூரில், இதயம் மிகவும் தளர்ந்த 12 பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனையில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு டெல்லி எய்ம்ஸில் 100 பேரை வைத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாத முறையில் 12 வாரம் கொடுத்து, 2016-இல் முடிவை எழுதினார்கள். இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன் கூடவில்லை. நடமாட்டத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. ஹாத்தார்ன் கதைக்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை என்று பாருங்கள். நம் ஊர்ப் பட்டை என்பதற்காக ஆய்வு முடிவு நமக்குச் சலுகை காட்டாது.

நாவலுக்கும் இதே நிலைதான். பிரேசிலின் தெற்கில் சர்க்கரை நோய்க்கு நாவல் இலைத் தேநீர் குடிப்பது பாட்டி வைத்தியம். அங்குள்ள ஆய்வாளர்கள் எலியிலும் மனிதரிலும் சோதித்து, சர்க்கரை குறையவில்லை என்று 2000-இல் எழுதினார்கள். கொட்டைப் பொடி வேறு, இலை வேறு என்று வாதம் செய்யலாம், செய்யட்டும். ஆனால் ஆடி மாதத்தில் நாவல்பழம் நாலு தின்றுவிட்டு, ‘இன்றைக்கு சுகர் மாத்திரை வேண்டாம்’ என்று எடுத்து வைக்கிறவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அப்படியானால் செடியிலிருந்து எடுத்த பொருள் எதுவும் இதயத்துக்கு உதவுவதே இல்லையா? உதவுகிறது. அதுவும் நம் வேலியில் படருகிற ஒரு கொடி. கண்வலிக் கிழங்கு என்போம். செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கங்களில் இதைப் பந்தல் போட்டுப் பயிராக்கி, விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். விதையிலிருந்து எடுப்பது கோல்சிசின். கௌட் என்கிற மூட்டு வலிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும், அழற்சியைத் தணிக்கும் மருந்து. இரத்தக் குழாயில் கனலும் அழற்சியை இது தணிக்குமா என்று பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நாட்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரில் நாளுக்கு அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 31 சதவீதம் குறைந்தன என்று 2020-இல் முடிவு வந்தது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதய நோய்க்கு இதை அனுமதித்தது. 2024-இல், மாரடைப்பு வந்த கையோடு 7,062 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் பலன் தெரியவில்லை. ஆக, வழக்கு இன்னும் முழுதாக முடியவில்லை. ஆனால் அழற்சியைத் தணித்து இதயத்தைக் காக்கலாம் என்பதற்குச் செடி உலகத்திலிருந்து கிடைத்த மிக வலுவான சான்று இதுதான்.

இந்தப் பொருளின் குணம் என்ன? பழம் போல இனிப்பதா? இல்லை. கொடுமையான நஞ்சு. மருந்துக்கும் சாவுக்கும் நடுவே அதன் அளவில் இடைவெளி மிகக் குறுகல். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த அரை மில்லிகிராமே ஆபத்தாகலாம். கிழங்கையோ விதையையோ வீட்டில் யாரும் தொடக்கூடாது. ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது’ என்று ஒரு வாசகம் எழுதி வைத்து விற்கிறார்களே, அதற்கு நம் மாநில மலரே பதில். உடம்பில் உண்மையாகவே வேலை செய்கிற பொருளுக்குப் பக்கவிளைவு இருக்கும். பக்கவிளைவே இல்லை என்று சத்தியம் செய்தால், விளைவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு நுட்பம். ஹாத்தார்ன் இலையின் பெருமைக்குக் காரணமாகச் சொன்னேனே விடெக்சின், அது நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. பாசிப்பயற்றின் பச்சைத் தோலில் உள்ள முக்கிய ஆன்டி ஆக்சிடன்ட் அதுவும் அதன் உடன்பிறப்பான ஐசோவிடெக்சினும்தான். முழுப்பயறு முளைகட்டித் தின்றால் விடெக்சின் இலவசம். கம்பிலும் அது உண்டு. ஆனால் சூடானில், வேறு தானியம் அதிகம் இல்லாமல் கம்பையே நம்பியிருந்த மக்களிடம் கழுத்துக் கழலை அதிகமாக இருந்ததை ஆராய்ந்தவர்கள், 1989-இல் ஒன்றைக் கண்டார்கள். கம்பில் உள்ள விடெக்சினும் அதன் இனத்துப் பொருள்களும் தைராய்டின் வேலையைத் தடுக்கின்றன. பயந்து கம்பங்கூழை நிறுத்திவிடாதீர்கள். அயோடின் உப்பு போட்டு, நாலும் கலந்து தின்கிற நமக்கு அந்தக் கவலை தேவையில்லை. ஒரு மூலக்கூறு ஓர் இடத்தில் மருந்தென்று பேர் வாங்கும், இன்னோர் இடத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அளவும் ஆளும் தட்டில் கூட இருப்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரிவாள்மனையில் இரும்பைக் கறுக்க வைத்த அதே துவர்ப்பு, குடலிலும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறைந்துபோகும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! இவர்களுக்கு ‘ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்த கிரீன் டீ’யைச் சாப்பாட்டோடு குடியுங்கள் என்று ஆலோசனை சொல்வது நல்லதா? டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் அதன் வைட்டமின் சி இரும்பை உள்ளே சேர்க்க உதவும். சத்து மாத்திரை விழுங்கும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

பிறகு களாவும் சூரையும் இலந்தையும் எதற்கு? தின்பதற்கு. நான் சொன்ன சோதனைகளெல்லாம் பிரித்தெடுத்த சாற்றையும் பொருளையும் பற்றியவை. பழத்தைப் பழமாகத் தின்பதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. பழமும் பயறும் காயும் நிறையத் தின்கிற மக்களுக்கு இதய நோய் குறைவு என்பது நாடு நாடாகப் பார்த்து எழுதிய விஷயம். அதில் நார்ச்சத்தின் பங்கு எவ்வளவு, பொட்டாசியத்தின் பங்கு எவ்வளவு, துவர்ப்பின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பழம் தின்பவருக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பள்ளிக்கூட வாசலில் இலந்தைவடை விற்ற இடத்தில் இப்போது பாக்கெட் நொறுக்கு தொங்குகிறது. அதில் உள்ள உப்பும் எண்ணெயும் பிள்ளைகளின் இதயத்துக்குச் செய்கிற கெடுதலை எந்த ஹாத்தார்ன் மாத்திரையும் சரிக்கட்டாது.

தின்பதற்குச் செடி இருக்க வேண்டுமே! இந்த மாவட்டத்தில் முட்காட்டை அழித்துத் தைலமரம் வைத்த நிலம் எவ்வளவு என்பது இங்கே உள்ள விவசாயிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தைலமரத் தோப்புக்குள் நடந்து பாருங்கள்: காலடியில் சருகு மட்டும் நொறுங்கும், கையைக் கீற ஒரு முள் இருக்காது, பறிக்க ஒரு பழம் இருக்காது. மிச்சத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. ‘வெறும் புதர்க்காடு’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்கிறோம். மாத்திரை டப்பாவுக்குக் காசு கொடுக்கிற நாம், அதே சரக்கு சும்மா காய்த்துத் தொங்குகிற காட்டுக்குப் புதர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். இதய மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தப் பொடியை நம்பியும் அதை நிறுத்தாதீர்கள். எந்த மூலிகை எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருதம்பட்டையோ ஹாத்தார்னோ மாத்திரையோடு சேர்ந்து இரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். இரண்டாவது, விவசாயிகளுக்கு. வயலுக்குக் கம்பிவேலி போடுகிறவர்கள் அதை ஒட்டி ஒரு வரிசை களா வையுங்கள். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு எளிதில் நுழையாது, கம்பி துருப்பிடித்து விழுந்த பிறகும் அது நிற்கும். ஊராட்சி நிலத்திலும் பள்ளிக்கூடத்துச் சுற்றிலும் வைக்கலாம். கன்று தேடி எங்கும் போக வேண்டாம், கோயில்காட்டில் பழமாகவே கிடைக்கும். ஒரே ஒரு விஷயம்: களா விதையைக் காயவைத்து எடுத்து வைத்தால் முளைக்கும் திறன் சீக்கிரம் போய்விடும். பழத்தைத் தின்ற கையோடு, ஈரம் இருக்கிற மண்ணில் விரல் ஆழத்துக்குக் குறைவாக ஊன்றிவிடுங்கள்.